சக்கரம், சைக்கிள், வீல்: மூன்றும் உறவா?

கேள்வி: மூன்று சொற்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று என் மகள் பள்ளிச் செயல்திட்டத்தில் எழுதியிருக்கிறாள். சரிதானா? இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சரிதான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் போன்றவற்றுக்குப் பொது மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியில் சக்கரத்தைக் குறிக்க ஏறத்தாழ 'க்வெக்வ்லோஸ்' என்றொரு சொல் இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். சுழலுவதைக் குறிக்கும் 'க்வெல்' என்ற வேர் இரட்டித்துப் பிறந்த சொல் அது. அதுவே சமஸ்கிருதத்தில் சக்ர, கிரேக்கத்தில் குக்லோஸ், பழைய ஆங்கிலத்தில் ஹ்வேயோல் ஆனது. கிரேக்கச் சொல் லத்தீன் வழியாகப் பயணித்து ஆங்கிலத்தில் சைக்கிள் ஆயிற்று. வீல் மட்டும் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை.

சரிபார்க்கும்போது காதை நம்பாதீர்கள். ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரே' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றுதான் பொருள், ஒலியும் நெருக்கம், ஆனால் உறவில்லை. வீலும் சக்ரவும் ஒட்டவே ஒட்டாது. ஆனால் உறவு உண்டு. ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் அதே ஒழுங்கில் திரும்ப வருகிறதா என்பதுதான் சோதனை. மூலத்தின் 'க்வ' ஒலி லத்தீனில் அப்படியே நின்றது. சமஸ்கிருதத்தில் எகரத்துக்கு முன் 'ச' ஆனது. ஐந்துக்கு லத்தீன் க்வின்க்வே, சமஸ்கிருதம் பஞ்ச. நான்குக்கு க்வத்துவோர், சத்வார. அதே ஒலி ஆங்கிலத்தில் 'ஹ்வ' ஆகும்: லத்தீன் 'க்வோத்', ஆங்கிலம் 'வாட்' (பழைய வடிவம் ஹ்வத்). ஆங்கிலம், ஜெர்மன் அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் நடந்த இவ்வகை மாற்றங்களை ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் விதியாக வகுத்துக் காட்டினார். அகராதியில் பார்க்கும்போது இன்றைய உச்சரிப்பை விட்டுவிட்டு, கிடைப்பதில் பழைய வடிவத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.

எனக்கு 'க்வெக்வ்லோஸ்' என்ற இந்தச் சொல்மேல் தனிப் பிரியம், ஏனென்றால் அது காலத்தையும் சொல்கிறது. போலந்தின் புரோனோசிட்சேயில் கிடைத்த, வண்டிபோல் உருவம் கீறிய பானை சுமார் கி.மு. 3500-ஐச் சேர்ந்தது. சக்கரம் வருவதற்கு முன்பே அதற்குப் பெயர் இருந்திருக்க முடியாது அல்லவா? ஆகவே சொல்லின் வயதையும் இப்படி மதிப்பிடலாம்.

மகளின் கட்டுரையில் இரண்டைச் சேருங்கள். மீட்டெடுத்த வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி (*) போட வேண்டும். அதை எழுத்தில் யாரும் பார்த்ததில்லை என்று பொருள். அப்புறம், தமிழ் திராவிட மொழி. நம் 'சக்கரம்' சமஸ்கிருதத்திலிருந்து பெற்றது, 'சைக்கிள்' ஆங்கிலத்திலிருந்து. தமிழின் சொந்தச் சொற்கள் ஆழி, திகிரி, கால். 'கால்வல் நெடுந்தேர்' என்று குறளில் வரும் 'கால்' சக்கரம்தான்.