நிறம் வெளுக்கும் க்ரீமை நிறுத்தியதும் முகம் எரிகிறது, மீண்டும் பூசலாமா?

கேள்வி: என் வயது 25. மாநிறம். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியதால், மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமை நான்கு மாதங்களாக இரவில் பூசினேன். நிறம் சற்று வெளுத்தது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிகிறது; பொடிப் பருக்களும் வந்துள்ளன. ட்யூபில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டாசோன் என்றிருக்கிறது. மீண்டும் பூசலாமா?

பதில்: வேண்டாம். மோமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. இந்த மூன்றும் சேர்ந்த கலவையை மங்கு என்ற முகக் கருந்திட்டுகளுக்காக, மருத்துவரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டுமே கொடுக்கிறோம். சீட்டில்லாமல் உங்களிடம் கொடுத்திருக்கவே கூடாது. ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கிறது. அது நின்றதும் அவை விரிவதால்தான் இந்தச் சிவப்பும் எரிச்சலும். மீண்டும் பூசினால் ஓரிரு நாளில் எரிச்சல் அடங்கும், அதனாலேயே பலர் இதை விட முடியாமல் தவிக்கிறார்கள். தொடர்ந்தால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு இழைகளாக இரத்தக் குழாய்கள் தெரியும். முகத்தில் முடியும் வளரும்.

உங்கள் நிறம் நோயன்று. நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கருந்தோலில் மெலனின் என்ற அந்த நிறமியின் துகள்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை. தோல் செல்லுக்குள் அவை உட்கருவின் மேற்புறம் குடைபோலத் திரண்டு, புறஊதாக் கதிர் டிஎன்ஏவைத் தாக்காமல் தடுக்கின்றன. கருவிலுள்ள குழந்தையின் தண்டுவட வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினை அக்கதிர் சிதைப்பதால்தான் வெயில் மிகுந்த நாடுகளில் கருநிறம் நிலைத்தது என்பது மானுடவியலாளர் நீனா ஜப்லான்ஸ்கியின் விளக்கம். வெயில் குறைந்த வடக்கிலோ, வைட்டமின் டி கிடைக்க வெளிர் தோல் உதவியது. வெளிர் நிறத்துக்குக் காரணமான மரபணு வடிவங்களும் நம்மிடையே கலந்திருப்பதால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே வேறுவேறு நிறத்தில் பிறக்கிறார்கள். சங்கப் பாடல்களின் தலைவியோ, மாமை என்ற மாந்தளிர் நிறத்தைப் பிரிவால் வரும் பசலை என்ற வெளிறல் தின்கிறதே என்றுதான் வருந்தினாள். வெளுப்பது அவளுக்கு இழப்பாக இருந்தது. பெண் பார்க்க வருபவர்களுக்காக உங்கள் தோலைப் புண்ணாக்கிக்கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த வாரமே அந்த ட்யூபுடன் தோல் மருத்துவரைப் பாருங்கள். எரிச்சலைத் தணிக்க ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் உண்டு. முழுதாக அடங்கச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை மணமில்லாத மாய்ஸ்சரைசரும், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் போதும். ப்ளீச், ஃபேஷியல், எலுமிச்சைச் சாறு எதையும் முகத்தில் வைக்காதீர்கள்.