இல்லை என்று சொல்லும் சோதனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது செல்லில் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, தடுக்கும் என்று நம்பிய ஒரு தாவரச் சேர்மத்தை மார்பகப் புற்றுநோய் செல்களில் நான்கு ஆண்டுகளாகச் சோதித்து வந்தேன். அது எதுவுமே செய்யவில்லை. அதே தட்டில், அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தான டமாக்சிஃபென் சேர்த்த செல்களின் வளர்ச்சி குறைந்தது. என் சேர்மம் சேர்த்தவை வழக்கம்போல் வளர்ந்தன. இதை எந்த இதழும் வெளியிடாது என்கிறார் என் வழிகாட்டி. "இத்தனை வருடத்தில் மருந்து கண்டுபிடித்தாயா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்த எல்வுட் ஜென்சன், ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரம் ஏறிய கதையைப் படித்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். அவருக்கு ஏன் நோபல் கிடைக்கவில்லை? ஏற்பியையும் ஹார்மோனையும் பூட்டு, சாவி என்று தமிழில் விளக்கினால் போதுமா? மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஆய்வை விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நோபலை விடுங்கள். 2004இல் பியர் ஷாம்போன், ரொனால்ட் எவான்ஸ் இருவரோடும் ஜென்சனுக்கு அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் விருது கிடைத்தது. 2012இல், 92 வயதில் இறந்தார். மாட்டர்ஹார்னையும் விடுங்கள். 1947இல் ஏறினார், உண்மைதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவரைச் சாகசக்காரராக்கிவிட்டார்கள். அவர் செய்தது பொறுமையான வேதியியல். பூட்டும் சாவியும் பள்ளிப் பாடத்துக்குப் போதும், உங்களுக்குப் போதாது. டமாக்சிஃபென் மார்பகத்தில் ஏற்பியை அடக்குகிறது. கருப்பையின் உட்சுவரிலும் எலும்பிலும் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. இடத்துக்கு இடம் ஏற்பி வேறு வடிவம் கொள்வதையும், வேறு துணைப் புரதங்களைச் சேர்த்துக்கொள்வதையும் எந்தப் பூட்டைக் காட்டி விளக்குவீர்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரிதான். "அது எதுவுமே செய்யவில்லை." ஏதோ குற்றம் செய்துவிட்டு ஒப்புக்கொள்வதைப் போல எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி, உங்களை இப்படி எழுத வைத்தவர்கள் மேல் பாதி.

நீங்கள் வணங்கும் ஜென்சன் ஒரு மருந்தைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இதை வீட்டில் சொல்லுங்கள். 1896இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயில், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சூலகத்தை அகற்றினால் சிலருக்குக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். மாதவிடாய் நின்றவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜனுக்கு இன்னொரு மூலமான அட்ரீனல் சுரப்பிகளை அகற்றும் அறுவையை 1950களில் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் கொண்டுவந்தார். அந்த உறுப்புகளை எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்கக் கார்ட்டிசோன் உட்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பலன் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. மற்ற இருவருக்கும் உறுப்பு போனதுதான் மிச்சம். அந்த ஒருவர் யார் என்று அறுவைக்கு முன் சொல்ல எவருக்கும் வழி தெரியவில்லை.

அதே சிகாகோவில், ஹக்கின்ஸின் ஆய்வகத்தில்தான் ஜென்சன் இருந்தார். ஹெர்பர்ட் ஜேக்கப்சனோடு சேர்ந்து, ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமான எஸ்ட்ரடையாலில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, வளர்ச்சியடையாத பெண் எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் செலுத்தினார். ரத்தத்திலும் தசையிலும் அது வந்து போய்விட்டது. கருப்பை போன்ற இனப்பெருக்க உறுப்புகள்தான் பிடித்து வைத்துக்கொண்டன. பிடித்ததை அவை மாற்றவும் இல்லை, போன எஸ்ட்ரடையால் அப்படியே இருந்தது. ஹார்மோன் நொதிகளால் மாற்றமடைந்துதான் வேலை செய்கிறது என்று துறையே நம்பிக்கொண்டிருந்த காலம். 1958இல் வியன்னாவில் இதை அறிவித்தபோது கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் பலர் அதே அமர்வின் பேச்சாளர்கள்.

அங்கிருந்து நோயாளியிடம் வந்துசேர இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அறுத்தெடுத்த கட்டித் துண்டைச் சூடு படாமல் உடனே பனிக்கட்டியில் வைத்து, உறையவைத்து, அரைத்து, கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்து, எவ்வளவு பிடிபடுகிறது என்று எண்ண வேண்டும். சற்றுத் தாமதித்தால் ஏற்பிப் புரதம் சிதைந்துவிடும். இப்படி எண்ணி எண்ணித்தான் தெரியவந்தது: ஏற்பி நிறைந்த கட்டிகளில் பெரும்பாலானவை அறுவைக்குப் பின் அடங்கின, ஏற்பி இல்லாதவை அடங்குவது மிக அரிது. 1970களின் தொடக்கத்திலிருந்து, ஏற்பி இல்லாத பெண்ணிடம் "உங்களுக்கு இந்த அறுவை வேண்டாம்" என்று சொல்ல ஆதாரம் கிடைத்தது. அந்த "வேண்டாம்"தான் ஜென்சனின் பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். 1980இல் ஜெஃப்ரி கிரீனும் அவரும் ஏற்பியை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களை உருவாக்கிய பிறகு இந்தச் சோதனை மெல்ல மெல்லச் சாதாரண நோயியல் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது என் அக்காவால். அவளுடைய கட்டியில் ஏற்பிகள் இல்லை. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையால் பயனில்லை, கீமோதெரபிதான் என்றார் மருத்துவர். உறவினர்கள் விடவில்லை. தெரிந்த பெண் ஒருவர் அந்த மாத்திரையிலேயே வருடக்கணக்காக நன்றாக இருக்கிறார், இவளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று சண்டைக்கே போனார்கள். அந்த மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. கணினித் திரையை அக்கா பக்கம் திருப்பி, அவளுடைய திசுவின் படத்தைக் காட்டினார். நடுவில் கட்டியின் செல்கள், எல்லாம் வெறும் நீலம். ஓரத்தில் நோய் தொடாத பால்நாளம் ஒன்று. அதில் பல செல்களின் உட்கரு பழுப்பாகச் சாயமேறியிருந்தது. "சாயம் வேலை செய்திருக்கிறது, பாருங்கள். ஏற்பி இருக்கும் இடத்தில் பிடித்திருக்கிறது. கட்டியில் இல்லாததால்தான் அங்கே பிடிக்கவில்லை" என்றார். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, கீமோ எப்போது?" என்று கேட்டாள். உறவினர்களின் சத்தம் அதோடு ஓய்ந்தது.

அந்தப் பால்நாளம் இல்லாவிட்டால் அந்த நீலத்துக்கு ஒரு பொருளும் இல்லை. சாயம் கெட்டிருக்கலாம், திசு சரியாகப் பதப்படாமல் போயிருக்கலாம். "ஆம்" என்று சொல்லத் தெரிந்த சோதனை சொல்லும் "இல்லை"யைத்தான் நம்ப முடியும். எஸ்., உங்கள் தட்டில் அந்தப் பால்நாளம் இருக்கிறது, டமாக்சிஃபென் சேர்த்த குழிகள்தான் அது! அதை ஒரு துணைத் தகவலைப் போல எழுதிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் நான்கு ஆண்டு உழைப்பும் அதன் மேல்தான் நிற்கிறது.

சொல்லப்போனால், இன்னும் கடுமையாகக் கேளுங்கள். செல்கள் வளரும் ஊடகத் திரவத்தில் சேர்மம் கரைந்ததா? செல்லுக்குள் போனதா? எந்த அளவு வரை கொடுத்துப் பார்த்தீர்கள்? ஊடகத்தில் ஃபீனால் ரெட் இருந்ததா? அமிலத்தன்மையைக் காட்டுவதற்காகக் கலக்கும் அந்தச் சிவப்புச் சாயம் வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனைப் போல நடக்கிறது என்று 1986இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெனிட்டா கேட்சனெலன்போகன் குழுவினர் காட்டினார்கள் (சாயத்தில் கலந்திருந்த மாசுதான் காரணம் என்பது பின்னர் தெரிந்தது). அதுவரை எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் வளர்ச்சி பெரிதாகக் கூடாததைப் பார்த்துப் பலர் குழம்பியிருந்தார்கள். செல்கள் ஏற்கெனவே சாயத்தால் தூண்டப்பட்டிருந்தன. "எதுவும் ஆகவில்லை" என்பதைக் கூச்சப்படாமல் உற்றுப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது.

உங்கள் சேர்மம் தாவரத்திலிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இத்தகைய சாறுகளும் பொடிகளும் புற்றுநோய்க்கு என்று விற்கப்படுகின்றன. ஏற்பி உள்ள கட்டிக்கு டமாக்சிஃபென் சாப்பிட்டு வரும் ஒரு பெண், அதை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினால் பறிபோவது அவருடைய உயிர். ஐந்தாண்டுகள் முறையாக உட்கொண்டால் மார்பகப் புற்றுநோயால் வரும் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் மருந்து அது. தட்டில் வளரும் செல்லும் முழு மனித உடலும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் விற்பவனிடம் ஒரு தட்டின் ஆதாரம்கூட இல்லாதபோது, உங்களிடம் நான்கு ஆண்டு ஆதாரம் இருக்கிறது. அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டச் சொல்வது தவறு. வழிகாட்டி சொன்னாலும் தவறுதான்.

எந்த இதழும் வெளியிடாது என்பதும் உண்மையல்ல. ப்ளோஸ் ஒன் போன்ற இதழ்கள் முடிவு எதிர்மறையானது என்பதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை, முறை சரியா என்றுதான் பார்க்கின்றன. டமாக்சிஃபென் வரைபடத்தை முதல் படமாக வையுங்கள், உங்கள் சேர்மத்தை அதற்கு அடுத்து. பிறகு வழிகாட்டியிடம் எடுத்துப் போங்கள்.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குப் பணம் தேவையென்றால் தாராளமாகச் சேருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேரும் தேதியை மட்டும் கட்டுரையை அனுப்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வரைவு தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அக்காவும் படிக்க ஆசைப்படுவாள்.

அன்புடன்.