புகைச் சான்றிதழ் இருந்தால் போதுமா?

கேள்வி: 2018-ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்றுக்கு விலை பேசி வருகிறேன். போன மாதம் எடுத்த புகைச் சான்றிதழைக் காட்டும் விற்பனையாளர், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சிறு கருவியைச் செருகி, ஓடும்போதே புகையின் அளவு கைபேசியில் தெரியும் என்கிறார். நம்பலாமா?

பதில்: சான்றிதழ் பொய்யென்று சொல்வதற்கில்லை, அது எதை அளந்தது என்பதுதான் கேள்வி. பரிசோதனை மையத்தில் நிறுத்தி வைத்த டீசல் வண்டியின் சைலன்சருக்குள் குழலைச் செருகி, ஆக்சிலரேட்டரைச் சில முறை முழுதாக மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்கும் கார் போன்ற பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்னும் மாசு விதிகளின் நான்காம் நிலை) வண்டிக்கு வரம்பு, புகையின் அடர்த்தியைச் சொல்லும் ஹார்ட்ரிஜ் அலகில் 50. நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் நச்சு வாயுக்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பி, வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது இஜிஆர் வால்வு. அதனால் கரி சற்றுக் கூடும். அந்த வால்வு கரி பிடித்துப் பழுதானால், மாற்றும் செலவுக்குப் பயந்து தகடு வைத்து அடைத்துவிடுவதும் நடக்கிறது. அப்படி அடைத்த வண்டி, நச்சு வாயுவைக் கூடுதலாகக் கக்கிக்கொண்டே, புகைச் சோதனையில் முன்பைவிட நன்றாகத் தேறக்கூடும்.

விற்பனையாளரின் கருவி இன்ஜினின் சொந்த சென்சார்கள் சொல்வதைத்தான் வாசிக்கிறது. சைலன்சர் பக்கம் அது போவதே இல்லை. ஓடும் வண்டியின் வாயுவை நொடிக்கு நொடி அளக்க, சைலன்சரில் குழாய் பொருத்தி, பகுப்பாய்வுக் கருவிகளை வண்டியிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2013-இல் அப்படி அளந்ததே, சோதனையின்போது மட்டும் நச்சு வாயுவைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வேகன் கார் நிறுவனத்தின் மோசடி 2015-இல் அம்பலமாக வழிவகுத்தது. இந்தியாவில் இத்தகைய சாலைச் சோதனையின் வரம்புகள் 2023 ஏப்ரலில் தொடங்கிய பிஎஸ்-6 இரண்டாம் கட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. நீங்கள் பார்க்கும் கார் அதற்கு முந்தையது.

ஆனாலும் அந்தக் கருவி உங்களுக்கு வேறு விதத்தில் உதவும். பழுது ஏற்படும்போது வண்டியின் கணினி பதிந்து வைக்கும் பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பெரும்பாலான கார்களில் அது காட்டும். அங்கே 12 என்றோ 20 என்றோ இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் எதையோ அழித்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, இஜிஆர் குழாயின் இணைப்பில் தகட்டு விளிம்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வை மென்பொருளில் முடக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும். முன்பணத்தை அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.