ஜிம்மை விட்ட பிறகும் பணம் கேட்கிறார்களா? கேள்வி பதில்

சுங்கை சிப்பூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் ஈப்போவில் வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்து ஜிம்முக்குப் போகிறார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் சேரும்போது போடுகிற ஒரு கையெழுத்து இரண்டு ஆண்டுக்கு நம்மைக் கட்டிப்போடுகிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு மனு எழுத நம் ஆட்களுக்கு உதவி வருகிறேன். அதனால் இந்த விஷயத்தில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஐயா, 24 மாத ஒப்பந்தம், மாதம் 130 ரிங்கிட். நான்கு மாதம் கட்டினேன். பிறகு வேலை மாறி வீட்டுக்கே வந்துவிட்டேன். கவுண்டரில் நிறுத்தச் சொன்னேன், "சரி" என்றார்கள். இப்போது மீதி 20 மாதத்துக்கும் சேர்த்து 2,600 ரிங்கிட் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?

தம்பி, அந்த 2,600-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல் இருக்கும். ஜிம், டியூஷன், அழகு நிலையப் பேக்கேஜ் என்று தொடர்ந்து கிடைக்கும் சேவைக்கான ஒப்பந்தத்தை நடுவில் ரத்து செய்யலாம் என்கிறது அது. அப்படி ரத்து செய்தால் அவர்கள் கேட்கக்கூடியது ஒப்பந்தத்தின் முழு விலையில் 5 விழுக்காடு, அதோடு நீங்கள் பயன்படுத்திய சேவைக்கும் பொருளுக்கும் உரிய பணம்.

கணக்குப் போடுவோம். 24 மாதம் 130 ரிங்கிட் என்றால் முழு விலை 3,120. அதில் 5 விழுக்காடு 156 ரிங்கிட். போன நான்கு மாதத்துக்குப் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஆக, 156 ரிங்கிட். கடிதத்தில் இருப்பது 2,600!

"ஒப்பந்தத்தில் ரத்து கிடையாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்பார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம்தான் செல்லும்.

உங்கள் பக்கம் ஒரு பலவீனம் உண்டு. கவுண்டரில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. சொன்ன தேதியைக் காட்ட முடியாவிட்டால், இடைப்பட்ட மாதங்களுக்கும் அவர்கள் பணம் கேட்டு வாதாடலாம். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது பேசியிருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதுவும் இல்லையென்றால் இன்றே எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக, மலாயில். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். மேலே தேதி. பிறகு உங்கள் பெயர், அடையாள அட்டை (ஐசி) எண், உறுப்பினர் எண், ஒப்பந்தம் போட்ட நாள். அடுத்து, "இந்தத் தேதியிலிருந்து என் உறுப்பியத்தை ரத்து செய்கிறேன்" என்று ஒரு வரி. முன்பே வாயால் சொல்லியிருந்தால் எந்த நாள், எந்தக் கிளை, யாரிடம் என்று ஒரு வரி. "அக்தா பெர்லிண்டுங்கான் பெங்குனா 1999, செக்‌ஷன் 17" என்று சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அதன்படி நீங்கள் கட்ட வேண்டிய தொகையை எழுதுங்கள். கடைசியில் எழுத்தில் பதில் கேளுங்கள்.

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள். கிளைக்கு மட்டும் போதாது, ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்கும் நிறுவன முகவரிக்கும் போக வேண்டும். போஸ்ட் ஆபிசில் கொடுக்கும் அந்தச் சின்ன ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அதன் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய கையோடு போனில் படம் எடுத்துவிடுங்கள்.

நான் சேர்ந்தேனே தவிர ஒரு நாள்கூடப் போகவில்லை. தானாக ரத்தாகிவிடாதா?

ஆகாது, அக்கா. போகாமல் இருப்பது வேறு, ரத்து செய்வது வேறு. மேலே சொன்ன கடிதத்தை எழுதுங்கள்.

மாதாமாதம் கார்டில் பணம் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஜிம்முக்கு ரத்துக் கடிதம், அதற்குப் பிறகு வங்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கடிதம் போடாமல் கார்டை மட்டும் நிறுத்தினால், "இவர் ரத்து செய்யவில்லை, பாக்கி வைத்திருக்கிறார்" என்று அவர்கள் பக்கம் நியாயம் போய்விடும். வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ரத்துக்குப் பிறகு பிடித்த தொகையை எதிர்த்தும் மனு கொடுங்கள். கடிதத்தின் நகல் அதற்கு உதவும்.

கடன் வசூலிப்பவர்கள் தோட்ட ஆபிசுக்கே போன் போட்டுவிட்டார்கள். ஆபிஸ் கிராணி (குமாஸ்தா) கூப்பிட்டு விசாரித்தார். ரொம்ப அவமானமாகிவிட்டது. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களா?

பிடிக்க முடியாது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. வெளியாள் போன் போட்டான் என்று முதலாளி உங்கள் காசில் கை வைக்கக் கூடாது. இதைக் கிராணியிடமும் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளைத் தூக்குவேன், டிவியைத் தூக்குவேன் என்பதும் வெறும் மிரட்டல்தான். கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒரு கரண்டியைக்கூடத் தொட முடியாது. போனில் பேரம் பேச வேண்டாம். "எழுத்தில் அனுப்புங்கள், ஒப்பந்த நகலையும் அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிரட்டல் எல்லை மீறினால் போலீசில் புகார் கொடுங்கள்.

இதில் அவமானப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை. யாருடைய பணத்தையும் நீங்கள் ஏமாற்றவில்லை. நம் ஆட்கள் மானத்துக்குப் பயந்து, அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கூட்டுச் சீட்டுப் பணத்தை எடுத்து முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் அவர்கள் ஆபிசுக்குப் போன் போடுகிறார்கள்.

வீட்டுக் கடனுக்கு மனு போடப் போகிறேன். இது பாதிக்குமா?

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் வங்கி மாதிரியான நிதி நிறுவனங்களின் கடன்தான் இருக்கும். ஜிம் பாக்கி அதில் நேரடியாக ஏறாது. சிடிஓஎஸ் கடன் விவரங்களைத் திரட்டும் தனியார் நிறுவனம், அதில் வழக்கு விவரமும் மற்ற நிறுவனங்கள் கொடுக்கும் பாக்கி விவரமும் வரலாம். உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தவறாக ஏதாவது இருந்தால் திருத்தக் கேளுங்கள். கிரெடிட் கார்டு தவணையில் ஜிம் பணம் கட்டியிருந்தால் கதை வேறு. அது வங்கிக் கடன், கட்டாமல் விட்டால் சிசிஆர்ஐஎஸ்-இல் தெரியும்.

என் மகனுக்கு 17 வயது. அவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அம்மா, 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர் இல்லை என்கிறது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஐசி நகலுடன் அதையே எழுதி அனுப்புங்கள். பாதுகாவலர் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குப் பதிலே இல்லை. அடுத்து என்ன?

தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறார்கள். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்திலும் போடலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும், ஒப்பந்தத்தையே ரத்து செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. பொதுவாக இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. ஜிம் பக்கத்திலிருந்து அவர்கள் ஊழியர் வருவார், நீங்கள் உங்கள் தாள்களோடு உட்காருவீர்கள், தலைவர் இருவரையும் கேட்பார். மலாய் தடுமாறினாலும் பரவாயில்லை, தேதி வரிசைப்படி தாள்களை அடுக்கி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தீர்ப்பு வந்தும் நிறுவனம் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம்.

தாமதிக்காதீர்கள். அவர்கள் முந்திக்கொண்டு கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போக முடியாது.

எனக்குக் கோர்ட் சம்மனே வந்துவிட்டது.

வசூல்காரர் கடிதத்துக்கும் சம்மனுக்கும் வித்தியாசம் பாருங்கள்: கோர்ட்டின் பெயர், முத்திரை, வழக்கு எண் இருக்கும். அசல் சம்மன் என்றால் ஒரு நாள்கூட மேசையில் கிடக்க விடாதீர்கள். ஆஜராகிறேன் என்று தெரிவிக்க 14 நாள்தான் இருக்கும். விட்டுவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே முழுத் தொகைக்கும் தீர்ப்பாகிவிடும். 17-ஆம் பிரிவு எவ்வளவு நல்ல சட்டமாக இருந்தும் அப்போது பயன்படாது. சட்ட உதவித் துறையில் ஆலோசனை கேட்கலாம், ஒரு வக்கீலையும் பாருங்கள்.

156 ரிங்கிட்டுக்கு இவ்வளவு அலைச்சலா? அதைக் கட்டிவிட்டால் என்ன?

தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் இதோடு கணக்குத் தீர்ந்தது என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு கட்டுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கட்டினால், பாக்கியில் ஒரு பகுதி வந்தது என்று வரவு வைத்துக்கொண்டு மீதிக்கு மறுபடியும் போன் போடுவார்கள்.