உமிச் சாம்பல் மெருகு உருகாமல் சொரசொரப்பாக வருவது ஏன்?

வணக்கம். மண்பாண்டத்தின் மேல் கண்ணாடி போல் உருகிப் படியும் மெருகுக்காக, ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகும் பாறைத்தூள்) 50, மரச்சாம்பல் 50 என்ற கலவையில் மரச்சாம்பலுக்குப் பதில் உமிச் சாம்பல் போட்டு, 1220 டிகிரியில் சுட்டதும் வெள்ளையாக, உப்புத்தாள் மாதிரி வந்தது என்கிறீர்கள். சூளையில் குறையில்லை. மரச்சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதுதான் உருக்கும். உமிச் சாம்பலோ ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள். உருக்கியை எடுத்துவிட்டு மணலைப் போட்ட கதைதான்.

ஆகவே உமிச் சாம்பலைச் சிலிக்காவுக்கு மாற்றாக மட்டும் போடுங்கள். உங்கள் சூட்டுக்கு உமிச் சாம்பல், ஃபெல்ட்ஸ்பார், கயோலின் (வெள்ளைக் களிமண்), வொல்லஸ்டோனைட் (சுண்ணாம்புச் சத்தும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம்), போரான் ஃப்ரிட் (போரான் சேர்த்து உருக்கிப் பொடித்த கண்ணாடி, நல்ல உருக்கி) ஐந்தும் தலா 20 பங்கு வைத்துத் தொடங்கலாம். முதலில் 100 கிராம் போதும். சொரசொரப்பு மிஞ்சினால் ஃப்ரிட்டை ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். வழிந்தோடக்கூடும், மெருகைச் சோதிக்கும் மண் வில்லைக்கு அடியில் தட்டு வையுங்கள்.

சாம்பல் கறுப்பாக இருந்தால் கரி மிச்சம் இருக்கிறது; அது எரியும்போது மெருகில் கொப்புளமும் ஊசித்துளையும் விழும். பிஸ்க் சூட்டோடு (மெருகு பூசும் முன் பாண்டத்தைச் சுடும் முதல் சூடு) ஒரு மண்சட்டியில் வைத்து வெளுக்கச் சுட்டு, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலியுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சாம்பல் தண்ணீரை நிறைய உறிஞ்சும். கனமாகப் பூசினால் காய்கையில் வெடித்து, சூளையில் சுருண்டு திட்டுத்திட்டாக விலகும்.