ஊருக்குள் விற்றதும் வர்த்தகம்தான்

உள்நாட்டு வர்த்தகத்தை எப்படி அளப்பது என்று சென்ற மாதம் சுங்கை சிப்புட்டில் பேசியபோது சீட்டில் எழுதித் தந்த கேள்விகளில், நேரமில்லாமல் விட்டுப்போனவற்றுக்கு இங்கே பதில்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏற்றுமதியைக் கழித்தால் உள்நாட்டு வர்த்தகம் என்று எழுதினேன். ஆசிரியர் தப்பு என்கிறார். ஏன் சார்? (ஆறாம் படிவ மாணவி)

ஆசிரியர் சொன்னதே சரி, தங்கச்சி. 1998 முதல் சில ஆண்டுகள் மலேசியாவின் ஏற்றுமதி, மொத்த உள்நாட்டு உற்பத்தியையே தாண்டி நின்றது. உன் கணக்குப்படி அப்போது நாட்டுக்குள் வியாபாரம் மைனசில் நடந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் எல்லாரும் ஈயா ஓட்டினார்கள்?

கோளாறு அளவுகோலில். உள்நாட்டு உற்பத்தி என்பது நாம் கூட்டிய மதிப்பு மட்டும். ஏற்றுமதி என்பது பொருளின் முழு விலை. தாய்லாந்திலிருந்து 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) ரப்பர் பால் வருகிறது என்று வை. ஓர் ஆலை அதைப் பதப்படுத்தி, கையுறைத் தொழிற்சாலைக்கு 140க்கு விற்கிறது. கையுறை 200க்குக் கப்பலேறுகிறது. நாம் கூட்டியது 100, ஏற்றுமதி 200. கழித்தால் மைனஸ் 100. ஆனால் நடுவில் 140 வெள்ளிக்கு விற்பனை நடந்ததே, அது எங்கே போயிற்று? ஆலையின் 140, தொழிற்சாலையின் 200, ஆக மொத்த விற்பனை மதிப்பு, அதாவது மொத்த உற்பத்தி, 340. அதில் ஏற்றுமதியைக் கழி. தொலைந்த 140 திரும்பி வந்துவிடும்.

கச்சா செம்பனை எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானே? அதன் விளைவை எப்படிக் கண்டுபிடிப்பது? (சிறுதோட்டக்காரர்)

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள், ஐயா. இந்தியாவுக்குப் போனதையும் சீனாவுக்குப் போனதையும் மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாது. வரி இரண்டையும் ஒரே மாதிரி அமுக்குகிறது. வரி படாதது உள்ளூர்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு விற்றதுதான். அதைப் பக்கத்தில் வைத்தால்தான் எண்ணெய் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரியும். நாடுகளின் பொருளாதார அளவையும் இடைத்தூரத்தையும் வைத்து வர்த்தகத்தைக் கணிப்பது ஈர்ப்புச் சமன்பாடு. அதில் ஏற்றுமதி நாட்டுக்கு, எல்லாச் சந்தைக்கும் பொதுவான காரணங்களை அடக்க, ஆண்டுவாரியாக ஒரு மாறிலி வைப்பார்கள். உள்நாட்டு விற்பனை இல்லாவிட்டால் அந்த மாறிலியே வரியின் விளைவையும் விழுங்கிவிடும். 2022 மார்ச்சில் இங்கே நடப்புக்கு வந்த ஆர்செப் (RCEP, ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம்) போன்ற ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்த நாட்டுக்குக் கூடுதலாகப் போகும் சரக்கில் ஒரு பங்கு நம் சந்தையிலிருந்து நகர்ந்தது; அதைப் பார்க்காவிட்டால் ஒப்பந்தத்தின் பலன் குறைவாகத்தான் தெரியும்.

என் மளிகைக் கடை விற்பனை முழுதும் இந்த மொத்த உற்பத்திக் கணக்கில் சேருமா?

சேராது, அண்ணே. ஆலை போலப் பொருளை மாற்றாமல், 10 வெள்ளிக்கு வாங்கிய எண்ணெய்ப் போத்தலை அப்படியே 11க்கு விற்றால், உங்கள் கடையின் உற்பத்தி அந்த 1 வெள்ளிதான்.

மொத்த உற்பத்தியை எடுத்தும் சில துறைகளில் மைனஸ் வருகிறதே? (முதுகலை மாணவர்)

முதலில் மறு ஏற்றுமதியைப் பாருங்கள். சிங்கப்பூர், ஹாங்காங் வழியே வந்த பெட்டி அப்படியே வெளியே போகும். உற்பத்தியில் அது இருக்காது, ஏற்றுமதியில் இருக்கும். அதை நீக்கியும் மைனஸ் என்றால், சுங்கத்துறையும் புள்ளிவிவரத் துறையும் அந்தப் பொருளை ஒரே தொழிலில்தான் சேர்த்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பூஜ்ஜியம் போட்டு மட்டும் மூடாதீர்கள், காலியாகவே விடுங்கள். அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையத்தின் தரவுத்தொகுப்பில் நாடுவாரியாக உள்நாட்டு வர்த்தகமும் இருக்கிறது, இலவசம்தான்.