பிடிச்ச சூப்பர் ஹீரோ காமிக்ஸ்ல திடீர்னு வேற ஓவியர் வந்தா ரசிகர்கள் திட்டுதது நியாயமா?

கேள்வில நீங்க சொன்னது இதான்: வருசக்கணக்கா ஒரே ஆளு வரைஞ்சிட்டு வந்த ஹீரோவ இந்த மாசம் மட்டும் வேற ஒருத்தர் வரைஞ்சிருக்காரு, முகமே மாறிப்போச்சு, ரசிகர்கள் எல்லாம் அவரப் போட்டு கிழிகிழின்னு கிழிக்காங்க, அது நியாயமான்னு. நீங்க கேட்ட தோரணையப் பாத்தா நீங்களும் அந்தக் கூட்டத்துல ரெண்டு வார்த்தை போட்டுட்டு, ராத்திரி படுக்கும்போது மனசு உறுத்தி இங்க வந்து கேக்குதீங்கன்னு தோணுது. தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க.

வருத்தப்படுதது நியாயம். வரைஞ்ச மனுசன வைதது நியாயமில்ல. என் பதில் இவ்வளவுதான். ஆனா சும்மா சொல்லல, அந்த எடத்துல நானே நின்னிருக்கேன்.

எனக்கு ஊரு பாளையங்கோட்டை. எங்க தாய்மாமா போர்டு எழுதுத ஆர்ட்டிஸ்ட். வண்ணார்பேட்டைல இருந்து சமாதானபுரம் வரைக்கும் சைக்கிள் கடை, மளிகைக்கடை, லாரிக்கு பின்னால ரோஜாப்பூன்னு அவாள் கை படாத எடம் கம்மி. வருசத்துக்கு ஒரு தடவ செய்துங்கநல்லூர் பக்கம் ஒரு ஊர்ல சுடலைமாடன் கொடைக்கு, அதான் கோயில் திருவிழாவுக்கு, முன்னாடி கோயில் சுவர்ல இருக்க மாடன புதுசா வரைஞ்சு குடுப்பாவ. பதினஞ்சு வருசமா அவாள்தான். 1996ல கொடைக்கு பத்து நாள் இருக்கும்போது சாரத்துல இருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சிட்டு. கொடைய தள்ளிப்போட முடியாது, நாள் குறிச்சு கால் நட்டாச்சு, வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மாமா என்னையப் பாத்து "நீ போய்ட்டு வாடே"ன்னு சொல்லிட்டாவ. எனக்கு அப்ப பத்தொம்போது வயசு, எழுத்து உள்ள நிரப்புதது, பார்டர் அடிக்கதுதான் என் வேல. முழு உருவம் தனியா போட்டதே கெடையாது.

போனேன். பழைய உருவத்த அழிச்சு வெள்ள அடிக்கதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க அதப் பாத்து நோட்டுல வரைஞ்சுகிட்டேன். மீசை எத்தன விரக்கட, வல்லயம், அதான் ஈட்டி, எந்தத் தோள்ல சாயுது, அருவாளோட வளைவு எங்க தொடங்குதுன்னு எல்லாம் அளந்துதான் எடுத்தேன். மூணு நாள்ல போட்டும் முடிச்சேன். தூரத்துல நின்னு பாத்தா சரியாதான் இருந்துச்சு.

ஊர்ல உள்ளவங்க வந்து நின்னாங்க. ஒருத்தரும் பேசல. அந்தக் கோயில்ல சாமியாடுத கோமரத்தாடி, எழுவது வயசு இருக்கும், பக்கத்துல வந்து ரொம்ப நேரம் பாத்துட்டு "கண்ணு இறங்கிட்டடே"ன்னு மட்டும் சொன்னாவ. அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. இது எங்க மாடனே இல்லன்னு ஒருத்தர், சின்னப் பயல அனுப்பி ஊர ஏமாத்திட்டான்னு எங்க மாமாவ ஒருத்தர். கொடைக்கு வரி குடுத்தவங்க சிலபேரு பேசுன ரூவாய குடுக்கக்கூடாதுன்னே சண்ட போட்டாங்க. ஒரு ஆச்சி கும்புட வந்துட்டு கையக் குவிக்காமயே திரும்பிப் போனத இன்னும் மறக்க முடியல.

கண்ணு இறங்கிட்டுன்னா என்னன்னு வீட்டுக்கு வந்து மாமாகிட்ட கேட்டேன். கட்டுப் போட்ட கைய வச்சுக்கிட்டு எடது கையால தரையில சாக்பீஸ்ல போட்டுக் காமிச்சாவ. அவாள் வரைஞ்ச மாடனுக்கு கருமணி மேல் இமையத் தொட்டுட்டு நிக்கும், கீழ ஒரு நூல் அளவு வெள்ள தெரியும். அதனால அவன் நம்ம தலைக்கு மேல, வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் காவல் பாத்துட்டு இருக்க மாதிரி இருக்கும். நான் கருமணிய நடுவுல வச்சிட்டேன். என் மாடன் நேரா மூஞ்சியப் பாத்து விசாரிக்குத ஆளு மாதிரி ஆயிட்டான். ஒரு நூல் அளவு, அவ்வளவுதான். ஊர்க்காரங்க சொன்னது சரிதான், அத நான் இன்னைக்கும் மறுக்க மாட்டேன். ஆனா அவங்க சொன்ன விதம் இருக்கே, அதுல ரெண்டு மாசம் நான் பிரஷ்ஷே தொடல.

உடனே சிலபேரு வருவீங்க, கும்புடுத சாமியும் காமிக்ஸும் ஒண்ணாடான்னு. ஒண்ணுன்னு நான் சொல்லவே இல்ல. சின்ன வயசுல இருந்து பாத்த ஒரு முகம் ஒரு நாள் மாறிப்போனா நெஞ்சுல ஒண்ணு இடிக்கும்லா, அத மட்டும்தான் சொல்லுதேன். அந்த இடி ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இப்ப உங்க விசயத்துக்கு வாறேன். அமெரிக்க மாசப் புத்தகம் ஒண்ணுக்கு இருவது, இருவத்திரெண்டு பக்கம் கதை. நல்ல கைக்காரருக்கே ஒரு பக்கம் பென்சில்ல போட ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அதுக்கப்புறம் மை போடுத ஆளு, கலர் போடுத ஆளு, எழுத்துக்காரருன்னு வரிசையா காத்துட்டு நிப்பாங்க. மெயின் ஓவியருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தா அம்புட்டும் நின்னு போகும். அப்ப கூப்பிடுத ஆளுதான் ஃபில்-இன் ஆர்ட்டிஸ்ட். அவருக்கு பாதி நேரம்கூட இருக்காது. அவரு வரலன்னா உங்களுக்கு அந்த மாசம் புத்தகமே கெடையாது, இல்லன்னா பழைய கதையத் தூக்கிப் போடுவாங்க. 1970கள்ல மார்வெல் காமிக்ஸ் கம்பெனில இப்படி நெறைய நடந்திருக்கு.

ஸ்பைடர்மேன் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஸ்டீவ் டிட்கோ 38 இதழ் வரைஞ்சிட்டு 1966ல விலகிட்டாரு, 39ல இருந்து ஜான் ரோமிட்டா வந்தாரு. டிட்கோ கொஞ்ச மாசத்துல திரும்பி வந்துருவாருன்னு நினைச்சுதான் ரோமிட்டா முதல்ல அவர மாதிரியே ஒல்லிக்கோட்டுல வரைஞ்சாராம், தன்னைய தற்காலிக ஆளாவே நினைச்சிருக்காரு. இதப் படிச்சப்ப அந்தச் சுவருக்கு முன்னால நோட்டோட உக்காந்திருந்த என்னையவே பாத்த மாதிரி இருந்துச்சு. அடுத்தவன் கைய நம்ம கைக்குள்ள கொண்டு வர பாடு சாதாரணம் இல்ல. டிட்கோ போயி, ஸ்பைடர்மேன் முகமூடிக்குள்ள இருக்க பீட்டர் பார்க்கர் அழகனா மாறிட்டான்னு வருத்தப்பட்டவங்க உண்டு, ஆனா அவன் காதலி மேரி ஜேன் முகத்த முதல் தடவ காமிச்சது ரோமிட்டா கைதான்.

இதவிட வேதனையானது ஜாக் கிர்பிக்கு நடந்தது. மார்வெல்ல அத்தன பேர உருவாக்குன கை அது. 1970ல போட்டிக் கம்பெனி டிசிக்குப் போயி, சூப்பர்மேனோட சிநேகிதன் ஜிம்மி ஓல்சன் பேர்ல வந்த புத்தகத்த வரைஞ்சப்ப, அவரு போட்ட சூப்பர்மேன் முகம் நம்ம சூப்பர்மேன் மாதிரி இல்லன்னு தலைய மட்டும் அல் ப்ளாஸ்டினோவயும் மர்ஃபி ஆண்டர்சனயும் வச்சு மாத்தி வரைய வச்சாங்க. உடம்பு ஒருத்தரு, தலை இன்னொருத்தரு. முகம் மாறக்கூடாதுங்கத எந்த அளவுக்கு கொண்டு போயிருக்காங்க பாருங்க.

நம்ம ஊருக்குத் தெரிஞ்ச உதாரணம் வேதாளர், இங்கிலீஷ்ல ஃபேண்டம்னு சொல்லுத முகமூடிக் காட்டு ஹீரோ. எங்க சித்தப்பாகிட்ட பழைய இந்திரஜால் காமிக்ஸ் கட்டு ஒண்ணு இருந்துச்சு. அதுல வில்சன் மக்காய் வரைஞ்ச வேதாளர், சாதாரணக் கோடு, உருண்டத் தோளு. நான் பாத்து வளந்தது சை பேரி வரைஞ்சது, ஒவ்வொரு தசையும் தனியா தெரியும், காட்டுல நிழல் விழுததே அப்படி இருக்கும். பேரிதான் உண்மையான வேதாளர்னு நானும், அவன் சினிமா நடிகன் மாதிரில்லா இருக்கான்னு சித்தப்பாவும் சாப்பிட உக்காந்தா சண்டதான். பெறவுதான் தெரிஞ்சது, ரெண்டு பேருமே பின்னால வந்தவங்க. 1936ல தொடங்குனது ரே மூர், அவரு போர்ச் சேவைக்குப் போனப்ப பொறுப்பெடுத்தவர்தான் மக்காய். 1961ல மக்காய் இறந்ததும் பில் லிக்னான்டேங்கவரு கொஞ்ச காலம் வரைஞ்சு சமாளிச்சாரு, அப்புறம் பேரி வந்து 1994 வரைக்கும் வரைஞ்சாரு. அந்த லிக்னான்டே பேர இங்க எத்தன பேரு கேட்டிருப்பீங்க?

அந்தக் கட்டுக்கு நான் செஞ்சதையும் சொல்லிருதேன். முகம் சரியில்லன்னு சொல்லி, சித்தப்பா ஊர்ல இல்லாதப்ப ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடைல குடுத்துட்டு வேற நாலு புத்தகம் மாத்திட்டு வந்துட்டேன். சித்தப்பா அடிக்கல, ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட காமிக்ஸ் பத்தி பேச்சே எடுக்கல. இப்ப அத திரும்ப வாங்கலாம்னு தேடுனா, வச்சிருக்கவங்க ஒரு புத்தகத்துக்கு ஆயிரக்கணக்குல கேக்காங்க. இத சொல்லியே ஆகணும்: படிக்கவும் படிக்காம, அடுத்தவனயும் படிக்க விடாம, பிளாஸ்டிக் கவர்ல போட்டு பூட்டி வச்சு ஏலம் விடுதாங்க பாருங்க, பத்து பைசா இருவது பைசாவுக்கு வாடகைக்கு எடுத்து எல்லாப் பிள்ளைகளும் படிச்ச புத்தகம் இது. ஓவியரத் திட்டுத கோவத்துல பாதிய இவங்க மேல காமிக்கலாம். சேகரிக்கத நான் குத்தம் சொல்லல, சண்டைக்கு வராதீங்க, பதுக்கி விக்கதத்தான் சொல்லுதேன்.

அடுத்த வருசம் மாமாவுக்கு கை சரியாயிட்டு, ரெண்டு பேருமா அந்த ஊருக்குப் போனோம். மாமா சுவரப் பாத்துட்டு முகத்த மட்டும் அழிக்கச் சொன்னாவ. நான் போட்ட அருவாளும் வல்லயமும் அப்படியே இருந்துச்சு. "வளைவு நல்லா வந்திருக்குடே, என்னத்துக்கு அழிக்க"ன்னாவ. கண்ண அவாளே திறந்தாவ. அணில்முடி பிரஷ்ஷ மூச்சப் பிடிச்சுட்டு ஒரே இழுப்பு, கருமணி போயி மேல் இமைல ஒட்டிக்கிட்டு. போன வருசம் என்னைய வைத ஆளுங்கதான் எனக்கு மோர் கொண்டு வந்து குடுத்தாங்க.

அதனால உங்களுக்கு நான் சொல்லுதது, அந்த முகம் எங்க மாறிச்சுன்னு எங்க கோமரத்தாடி மாதிரி கரெக்டா பிடிச்சுச் சொல்லுங்க, தாடையா, கண்ணா, நிக்க நிலையா. அது வரையுதவனுக்கும் உதவும். "கேவலம்", "இவன விரட்டுங்க"ன்னு எழுதுததுல ஒண்ணும் இல்ல. நீங்க அப்படி எதும் போட்டிருந்தா அழிச்சிருங்க. உள்பக்கத்துல அவரு பேரு இருக்கும், அதயும் பாத்து வச்சுக்கோங்க. இன்னொரு தடவ அந்த இதழ எடுத்து, முகத்த விட்டுட்டு மத்த கட்டங்களப் பாருங்க, கட்டடம், மழை, ஓடுத காலு. எதாவது ஒண்ணு நல்லா வந்திருக்கும், அதயும் சேத்து எழுதுங்க.